ஒன்பது முறை பிறந்தநாள் கொண்டாடியவள்

நடக்கவே நடக்காது என்று எல்லாரும் கைவிரித்த பிறகும் சில்லு வென்றெடுத்தவை நான்கு.

ஐந்து வயதில் ஒரு டாக்டர் சீட்டு. ஐஸ் பக்கமே தலைவைக்கக் கூடாது என்று வீடே கட்டுப்பாடு போட்டிருந்த காலத்தில், அவளுக்குத் தொண்டைச் சதை வெட்டிய டாக்டர் "ஐஸ்கிரீம் கொடுக்கவும்" என்று தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்று நாளுக்கு என்று எழுதிய சீட்டை அவள் ஒன்றரை வருஷம் காட்டிக் காட்டிச் சாப்பிட்டாள். மடிப்பில் கிழிந்து நான்கு துண்டானபோது, நான்கு துண்டையும் நான்கு பேரிடம் தனித்தனியாகக் காட்டினாள்.

பதினாறு வயதில் ஒரு வேலை. ஐஸ் பேக்டரி வாசலில் "ஆண்களுக்கு மட்டும்" என்று கொட்டை எழுத்தில் பலகை தொங்கியது. அதைப் படிக்கத் தெரியாததால் நேரே உள்ளே போய்விட்டாள். உள்ளே வந்தவளை வெளியே அனுப்ப முதலாளிக்கு வாய் வரவில்லை.

இருபத்தேழு வயதில் ஒரு கணவர், குளிர்பெட்டி ரிப்பேர் பார்க்கும் மெக்கானிக். நல்ல மனிதர், ஆனால் ஐஸ் பட்டாலே பல் கூசும். அவர் பங்கும் தனக்கே வரும் என்று கணக்குப் போட்டுத்தான் அவள் தலையாட்டினாள் என்பது அக்காவின் உறுதியான கருத்து.

நான்காவது, நாற்பத்திரண்டு வயதில் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் ஒரு சின்ன ஐஸ்கிரீம் கடை. மற்ற மூன்றையும் வாயாலேயே சாதித்தவளுக்கு, இந்த ஒன்றுக்கு மட்டும் வாய் உதவவில்லை.

சில்லு என்பது வீட்டில் வைத்த பேர். தரையில் விழுந்த ஐஸ் சில்லைக்கூட விடாமல் பொறுக்கித் தின்றதால் வந்தது. சான்றிதழில் மூன்றே எழுத்தில் வேறொரு பேர் இருக்கிறது. அதைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அவளுக்கு ஐந்து வயது மூத்தவள் அக்கா. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா, காதோரம் குண்டூசி, கையெட்டும் தூரத்தில் நீள நோட்டு. அந்த நோட்டில் தோள், மார்பு, கை நீளம் மட்டும் அல்ல, குடும்பத்தில் நடக்கும் எல்லாமே தேதி போட்டு ஏறும். சில்லுவின் முதல் பல் விழுந்தது யாரோ ஒருவரின் இடுப்பளவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இவ்வளவு பத்திரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட அக்கா ஒரே ஒரு இடத்தில் கோட்டை விட்டாள்.

சில்லுவை முதல் வகுப்பில் சேர்த்த வருஷம், தினமும் காலையில் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் விடுவது அக்காவின் வேலை. வாசலில் விட்டாள், உண்மை. வாசலைத் தாண்டினாளா என்று பார்க்கவில்லை. தன் பள்ளியில் மணி அடித்துவிடும் என்று அக்கா ஓடிவிடுவாள். சில்லு அப்படியே பக்கவாட்டில் நழுவி, வாசலில் நின்ற ஐஸ் வண்டியின் நிழலில் உட்கார்ந்துவிடுவாள். வண்டிக்காரருக்கு மணி ஆட்டிக் கொடுப்பாள். உடைந்த குச்சி ஐஸ்களைக் கூலியாக வாங்கிக்கொள்வாள். மதிய வகுப்புப் பிள்ளை போல என்று அவர் நினைத்துக்கொண்டார். இரண்டாம் மாதமே வகுப்பில் அவள் பேரை அடித்துவிட்டார்கள். வருஷக் கடைசியில் மார்க் கேட்கப் போன அக்காவிடம் டீச்சர், அப்படி ஒரு பிள்ளையே இங்கே இல்லையே என்றார். அதே நேரம் ஜன்னலுக்கு வெளியே ஐஸ் வண்டி மணி கேட்டது. ஆட்டுகிற தாளத்திலிருந்தே அது யார் கை என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

அன்றைக்கு அக்காவுக்குப் பதினொரு வயது. வீட்டில் விழுந்த அடி முழுவதும் பெரியவளுக்குத்தான். சின்னவள் ஆரஞ்சு நிற நாக்கை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். அழுகையும் ஆத்திரமுமாக அக்கா ஒரு சபதம் போட்டாள்.

"நீ உன் பேரை எழுதுற வரைக்கும் நான் ஐஸ் தொட மாட்டேன், பாத்துக்கோ."

ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துச் சொன்னது. அது முப்பத்தாறு வருஷம் நீளும் என்று பதினொரு வயதுக்கு எப்படித் தெரியும்? சபதத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. வீட்டுக்கு ஐஸ் வாங்கும் போதெல்லாம் அக்காவின் பங்கு மிச்சமானது, அது சில்லுவுக்குப் போனது. எழுதக் கற்றால் அவளுக்குத் தடவைக்கு ஒரு ஐஸ் நஷ்டம். அப்புறம் யார் கற்பார்கள்? அடுத்த வருஷம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அதற்கடுத்த வருஷம் அப்பா கைகழுவினார். சபதம் மட்டும் நின்றது, ஏனென்றால் அக்கா போட்ட தையலைப் பிரிக்கிற ஆள் அல்ல.

ஐஸ் பேக்டரியில் முதல் சில வருஷம் சில்லுவுக்கு அச்சுக்கூடத்தில் வேலை. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் உறைந்து கிடக்கும் தகர அச்சுகளைத் தூக்கி, வெந்நீரில் ஒரு முக்கு முக்கி, குச்சியைப் பிடித்து இழுத்தால் வரிசையாக ஐஸ் வெளியே வரும். கையுறை போட்டால் வேகம் வராது என்று வெறுங்கையாலேயே இழுப்பாள். பிறகு முதலாளி ஐஸ்கிரீம் கேக் போட ஆரம்பித்தபோது அவளைக் கேக் அறைக்கு மாற்றினார். அங்கேதான் அவள் தன் கலையைக் கண்டுபிடித்தாள்.

உறைந்த கேக் மேல் பேர் எழுதுவது லேசான வேலை இல்லை. பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததும் மேல்பரப்பு வேர்க்கத் தொடங்கும். அதற்குள், ஒன்றரை நிமிஷத்துக்குள், துணிக் கூம்பில் நிறைத்த சாக்லேட் பாகைப் பிதுக்கி எழுதி முடிக்க வேண்டும். சில்லு நின்றபடி, முழங்கையைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதுவாள். ஆர்டர் சீட்டைப் பக்கத்தில் குத்தி வைத்துக்கொண்டு, அதில் இருக்கும் வளைவு நெளிவுகளை அப்படியே பார்த்து இறக்குவாள். கோலம் போடுகிறவளைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஓரமாக ஒரு ஐந்திதழ்ப் பூ. அவள் எழுதிய பேரைக் கத்தியால் வெட்ட மனசு வரவில்லை என்று வாங்கினவர்கள் சொல்வார்கள். எழுதினவளுக்கு அது என்ன பேர் என்று தெரியாது.

இந்த இரகசியம் அக்காவுக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் தெரியும். சம்பள நோட்டு வரும் நாளில் சில்லு பாகு அப்பிய கையோடு வந்து நிற்பாள். பேனாவைப் பிடித்தால் ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிக் கட்டைவிரலை அழுத்திவிட்டுப் போய்விடுவாள். ஊருக்கெல்லாம் பேர் எழுதுகிறவளைக் கைநாட்டு என்று யார் சந்தேகப்படுவார்கள்? முழுப் பூசணிக்காயை இருபது வருஷம் சோற்றில் மறைத்து வைத்தாள்.

இடையில் ஒரே ஒரு முறை குட்டு உடையப் பார்த்தது. ஆர்டர் மேசைக்குப் புதிதாக வந்தவர், எழுத வேண்டிய வாழ்த்தோடு சேர்த்துத் தயாரிப்பு விவரத்தையும் அதே சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார். சில்லு ஒரு புள்ளி விடாமல், பூ வைத்து, அழகாக இறக்கினாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் விருந்தில், எல்லாரும் சுற்றி நின்று கைதட்டும்போது மூடியைத் திறந்தார்கள். கேக்கின் மேல் இப்படி இருந்தது: "முந்திரி போட வேண்டாம், பெரியவருக்குப் பல்செட் கழன்றுவிடும்."

பெரியவர் சிரித்த சிரிப்பில் பல்செட் நிஜமாகவே கழன்றது.

மறுநாள் அவருடைய மகள் பேக்டரிக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் நிர்வாக அதிகாரி. எழுதினது யார் என்று கேட்டார். சில்லு பயந்துகொண்டே முன்னால் வந்தாள். அதிகாரி அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, அம்மா போன பிறகு அப்பா இப்படிச் சிரித்ததே இல்லை, எப்படித்தான் உங்களுக்கு இந்த வாசகம் தோன்றியதோ என்றார். சில்லு தலையைக் குனிந்துகொண்டு, "ஏதோ, கையில வந்துச்சு மேடம்," என்றாள். அது பொய்யும் இல்லை.

அதற்குப் பிறகு முதலாளி ஒரு சட்டம் கொண்டுவந்தார். கேக் மேல் என்ன வர வேண்டுமோ அதை வாடிக்கையாளர் தன் கையாலேயே தனிச் சீட்டில் எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டு மட்டும்தான் கேக் அறைக்குள் போகும். இந்தச் சட்டம் பின்னால் யாருக்கு உதவும் என்று அவருக்குத் தெரியாது.

இரண்டு வருஷம் கழித்து சில்லுவின் விரல் நுனிகள் வெள்ளையாக ஆரம்பித்தன. குளிர் பட்டால் மரத்துப்போகும், திரும்ப உணர்ச்சி வர அரை மணி நேரம் ஆகும். டாக்டர் ஆராய்ந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு குளிர்காலம் இந்த அறையில் நின்றால் விரல் தங்காது என்று சொல்லிவிட்டார். கேக் அறையை விட்டால் அவளுக்கு வேறு வேலை தெரியாது. அந்தச் சமயத்தில்தான் ஆஸ்பத்திரியில் சிறு ஐஸ்கிரீம் கடை வைக்க ஆள் தேடினார்கள். தொண்டைச் சதை வெட்டிய பிள்ளைகளுக்கும், வாய்ப்புண்ணோடு சோறு இறங்காத நோயாளிகளுக்கும். ஒரு சின்ன அறை, ஒரு பெட்டி, ஒரு கரண்டி. நாள் முழுக்கக் குளிரில் நிற்க வேண்டாம். அதிகாரி பல்செட் கேக்கை மறக்கவில்லை. சில்லுவுக்குச் சொல்லி அனுப்பினார்.

அக்கா விண்ணப்பத்தை முத்து முத்தாக நிரப்பிக் கொடுத்தாள். சில்லு வழக்கம் போலக் கையில் கொஞ்சம் பாகைத் தடவிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். பேனாவை நீட்டினார்கள். இவள் கட்டைவிரலை நீட்டினாள். ரேகை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தார்கள், கையைக் கழுவச் சொன்னார்கள். கட்டைவிரல் வைத்தாள், சிவப்பு விளக்கு. ஆள்காட்டி விரல், சிவப்பு விளக்கு. பத்து விரலும் பார்த்தாயிற்று. வெறுங்கையால் அச்சு இழுத்து இழுத்து ரேகை முழுவதும் தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தது.

"மேடம், இவங்களுக்கு ரேகையே இல்ல," என்றார் மெஷின்காரர்.

"அட, இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா திருடப் போயிருப்பேனே," என்றாள் சில்லு.

அதிகாரி சிரித்தார். ரேகை எதற்கு, கையெழுத்துப் போட்டால் போதும், ஊரார் பேரெல்லாம் எழுதின கை அல்லவா என்றார். சில்லு உடனே மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுளுக்கு என்று முகத்தைச் சுருக்கினாள். நான்கு வாரம் கழித்து ஒப்பந்தத்துக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கும் கையெழுத்து இல்லையென்றால் வரிசையில் அடுத்து நிற்கும் குளிர்பானக் கம்பெனிக்காரருக்குக் கடை போய்விடும்.

கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்கா அவளை நேரே வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கதவைச் சாத்தியதும் கேட்டாள்.

"வலது கை சுளுக்குன்னு சொல்லிட்டு எதுக்குடி இடது கையைப் பிடிச்சுக்கிட்டிருந்த?"

"பதட்டத்துல எது வலதுன்னு மறந்துபோச்சு."

"அந்தம்மாகிட்ட உண்மையைச் சொல்லிடு. நல்ல மனுஷியாத் தெரியுது."

"அவங்க என்னைப் பெரிய எழுத்தாளின்னு நெனச்சிட்டிருக்காங்க. இப்போ போயி எனக்கு என் பேரே எழுதத் தெரியாதுன்னு சொல்றதா? அதுக்கு விரல் போனாலும் பரவாயில்லக்கா."

விளையாட்டாகச் சொன்னாலும் அதைச் சொன்னபோது அவள் கண் விளையாடவில்லை. அக்கா அன்றே நோட்டில் நடுப்பக்கத்தைக் கிழித்து, மேலே ஒரு கோடு கீழே ஒரு கோடு போட்டு, அந்த மூன்று எழுத்தையும் எழுதி வைத்தாள். நான்கு சாயங்காலம் முயன்றார்கள். பென்சில் முனை ஆறு முறை ஒடிந்தது. கூம்பைப் பிடிப்பதுபோல் பென்சிலை முஷ்டியில் பிடித்து அழுத்தினால் தாள் கிழிந்தது, மெல்லப் பிடித்தால் கை நடுங்கியது. கேட்டால், தாள் சுடுகிறது என்றாள். ஐந்தாம் சாயங்காலம் ஆளே வரவில்லை. மெக்கானிக் மாப்பிள்ளையிடம் விசாரித்தால், தலைவலி என்று சொல்லச் சொன்னாள் என்றார். அந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் வராது.

ஆறாம் நாள் அக்கா, தைத்து முடித்த ஏப்ரன்களைக் கொடுக்க ஐஸ் பேக்டரிக்குப் போனாள். கேக் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே சில்லு, பதினைந்து எழுத்துக்குக் குறையாத ஒரு பேரை ஒரே மூச்சில், ஒரு நடுக்கமும் இல்லாமல் எழுதிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நீளப் பேரோடு ஒப்பிட்டால் சில்லுவின் பேர் சுண்டைக்காய். அக்கா அப்படியே நின்றாள். கைக்குத் தெரியும். என்ன தெரியும் என்றுதான் அதற்குத் தெரியவில்லை. காதோரக் குண்டூசியைத் தடவிக்கொண்டே அவள் ஒரு திருட்டுத்தனம் யோசித்தாள். வாழ்க்கையில் முதல் தடவை. முதல் தடவைக்கு நன்றாகவே யோசித்தாள்.

மறுநாளிலிருந்து அக்காவிடம் துணி தைக்க வந்தவர்களுக்கு ஒரு புது நிபந்தனை. உடுப்பு சொன்ன நாளில் வேண்டுமென்றால் போகிற வழியில் ஐஸ் பேக்டரியில் ஒரு சின்ன கேக் சொல்லிவிட்டுப் போக வேண்டும், சீட்டு அக்கா தருவாள், கேக் அக்காவிடம் வந்து சேர வேண்டும். நர்ஸ் ஒருத்தி போனாள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் போனார். மாப்பிள்ளைகூட ஒரு கேக் சொன்னார், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு. எல்லார் கையிலும் ஒரே பேர், மூன்று எழுத்து. இரண்டு நாளைக்கு ஒன்று என்ற கணக்கில் ஒன்பது கேக்.

ஒவ்வொரு கேக்கும் வந்ததும் அக்கா மூடியைத் திறந்து, முதலில் அளவு நாடாவை எடுப்பாள். "முதல் கேக்: மூன்றாம் எழுத்தின் கால் அரை அங்குலம் குட்டை." "இரண்டாம் கேக்: கால் சரி. முதல் எழுத்துக்கு வயிறு பெரிது." மூன்றாவதிலிருந்து எழுத்தில் குறை இல்லை, தயாரிப்பில்தான் குறை: "வெனிலா கேட்டோம், உள்ளே ஆரஞ்சு. பேக்டரித் தவறு." நான்காவதிலும் ஆரஞ்சு. ஐந்தாவதிலும். அளந்து முடித்ததும் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாள். தான் ஒரு விரல்கூட நக்க மாட்டாள். ஆரஞ்சு வாசனை வந்தால் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள்.

சில்லு வேலை முடிந்து வந்து உட்கார்ந்து புலம்புவாள். எவளோ ஒரு மகராசி ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிறந்தநாள் கொண்டாடுகிறாளாம். இப்படியே போனால் ஆறே மாதத்தில் கிழவி ஆகிவிடுவாளாம். அக்கா ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொள்வாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே கொஞ்சம் கர்வம்.

ஆறாம் கேக் அன்று மாட்டியிருக்க வேண்டும். கேக் வந்து மேசையில் வைத்த மறுநிமிஷம் வாசலில் சில்லுவின் செருப்புச் சத்தம். மறைக்க இடமில்லை. அக்கா பாதி தைத்த ஒரு கோட்டை எடுத்துக் கேக்கின் மேல் போர்த்தினாள். சில்லு வந்தாள், நாற்காலியை இழுத்துப் போட்டாள், பேச ஆரம்பித்தாள். மேஸ்திரிக்கும் பால்காரருக்கும் நடந்த சண்டையை முதலிலிருந்து சொன்னாள். முடித்துவிட்டு, ஒரு விஷயம் விட்டுப்போச்சு என்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள். கோட்டின் அடியிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு மெல்லக் கிளம்பி, மேசை விளிம்பைத் தொட்டு, சொட்டத் தொடங்கியது. அக்கா முழங்காலை நீட்டி அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, கோட்டுக்கு வேர்க்குது," என்றாள் சில்லு.

"புதுத் துணி. சாயம் போகுது."

"ஓ," என்றாள் சில்லு. இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனாள். கோட்டுக்காரருக்கு அக்கா வேறு துணி வாங்கி முழுக்க மறுபடி தைத்துக் கொடுத்தாள்.

ஒப்பந்த நாள் வந்தது. ஆஸ்பத்திரி ஆபீசில் அதிகாரி நாற்காலியில், எதிரே சில்லு, பக்கத்தில் பெரிய துணிப்பையோடு அக்கா. வாசலில் குளிர்பானக் கம்பெனிக்காரர், எந்நேரமும் உள்ளே கூப்பிடுவார்கள் என்ற முகத்தோடு. அதிகாரி தாளைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார். சில்லு பேனாவை எடுத்தாள். முஷ்டிக்குள் பேனா தொலைந்துபோனது. முனை தாளைத் தொட்டதும் கை ஆடியது. எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள். ஒரு புள்ளி மட்டும் விழுந்தது. அதிகாரியின் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கி, வேறு ஒரு பார்வை ஏறிக்கொண்டிருந்தது.

அக்கா பையைத் திறந்தாள். கெட்டித் துணியில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்த ஒரு கூம்பு, அளவில் பாகுக் கூம்பேதான். உள்ளே பஞ்சு அடைத்து, முனையில் பேனா ரீஃபிலை நுழைத்துக் கட்டியிருந்தது. அதைத் தங்கையின் உள்ளங்கையில் வைத்து, காதோடு சொன்னாள்.

"எழுந்து நின்னுக்கோ. அந்தப் பிறந்தநாள்காரி பேரை எழுது. கேள்வி கேக்காத."

சில்லு கூம்பை ஒரு முறை அமுக்கிப் பார்த்தாள். எழுந்தாள், முழங்கையைத் தூக்கினாள். பிறகு தலையைத் திருப்பாமலேயே சொன்னாள்.

"அது நான்தான்னு மூணாவது கேக்லயே தெரியும்க்கா."

அக்காவின் கை காதோரக் குண்டூசியைத் தேடிப் போனது.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது, பாக்கத் தெரியும். ஒம்போது ஆளு, ஒம்போது சீட்டு, எல்லாத்துலயும் மேல ஒரு கோடு கீழ ஒரு கோடு, ஓரத்துல குண்டூசி ஓட்டை. உலகத்துல வேற எவ இப்படிச் சீட்டு எழுதுவா?"

"அப்போ அன்னிக்கு அந்தக் கோட்டு…"

"முக்கால் மணி நேரம் சும்மாவா உக்காந்திருந்தேன்? உருகுறதைப் பாத்தாவது ஒரு வாய் நக்குவேன்னு பாத்தேன். நீ மடியில வாங்குற. உனக்குப் பிடிக்கும்னு ஏழு கேக்குக்குள்ள ஆரஞ்சு வெச்சேன். நோட்டுல தவறுன்னு எழுதுனியாமே, எங்க வீட்டுக்காரர் சொன்னாரு."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா ஆர்டர் நின்னுடுமே. ஒம்போது தடவை எழுதினாத்தான கை பழகும்."

இதைச் சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்தாள். ஒன்றரை நிமிஷம்கூட ஆகவில்லை. முதல் எழுத்து, வயிறு சரியான அளவில். இரண்டாவது. மூன்றாவது, கால் முழு நீளத்துக்கு. கை ஆடவில்லை. கடைசியில் பழக்க தோஷத்தில் ஓரமாக ஒரு ஐந்திதழ்ப் பூ.

அதிகாரி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் முன்னால் நடந்த பேச்சு முழுவதையும் அவர் கேட்டிருந்தார். கடைசியில் மெல்லக் கேட்டார்.

"அப்போ எங்கப்பாவோட பல்செட்?"

சில்லு கூம்பை மேசையில் வைத்தாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை. "சீட்டுல என்ன இருந்துச்சோ அதை எழுதினேன் மேடம். அது பல்லா, சொல்லா, எனக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பு அவர் அப்பாவுடையதேதான், பல் மட்டும் சொந்தப் பல். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை அப்பாவிடம் சொன்னால் இன்னொரு செட் வாங்க வேண்டிவரும் என்றார். பூவையும் சேர்த்துத்தான் கையெழுத்தா என்று மெஷின்காரர் சந்தேகம் கேட்டார். பூ இல்லாமல் தன் கையிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை என்றாள் சில்லு. அதிகாரி பூவின் மேலேயே முத்திரையைக் குத்தினார். வாசலில் நின்றவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில், மாப்பிள்ளை ஒரு தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக் காத்திருந்தார். பெட்டிக்குள் இரண்டே இரண்டு குச்சி ஐஸ், ஆரஞ்சு. சில்லு ஒன்றை எடுத்து அக்காவின் கையில் திணித்தாள். பள்ளிக்கூட வாசலில் நிற்கிறவளைப் போல அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு கடி. முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு பல் கூசியதில் கண்ணில் தண்ணீர் வந்தது. பல் கூசியதால்தான் என்று அவள் சாதிக்கிறாள்.

"அந்தப் பங்கு இனிமே எனக்கு இல்லையா?" என்றாள் சில்லு, நிஜமான கவலையோடு.

அக்காவின் வாயில் ஐஸ் இருந்தது. ஒரு கையில் குச்சியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பையிலிருந்து நீள நோட்டை எடுத்து, ஏப்ரன் அளவுகளுக்குக் கீழே எழுதினாள். தாளில் ஒரு ஆரஞ்சுச் சொட்டு விழுந்தது. அதைத் துடைக்கவில்லை, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, உள்ளே தங்கையின் மூன்றெழுத்துப் பேரையும், பக்கத்தில் அவள் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட நேரத்தையும் நாளையும் குறித்தாள்: காலை பதினொன்று இருபது, வியாழக்கிழமை, 2019 மார்ச் 14.